குடிசை வரியும் செல்போனும்

கிழக்கு ஆப்பிரிக்காவில் கென்யா தேசத்து ஜனங்கள் பணத்தை ‘பெஸா’ என்று சொல்லுகிறார்கள். ஸ்வாஹிலி பாஷைச் சொல் அது. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று வாசகர்கள் நினைத்தால் தவறில்லை, நம்முடைய பைசாதான். அந்தக் காலத்தில் பாய்மரக் கப்பல் ஏறி ஸான்ஸிபார் தீவுக்கும் மொம்பாஸா துறைமுகத்துக்கும் வியாபாரத்துக்குப் போன கச்சிகளும் குஜராத்திகளும் செம்புக் காசை மடியில் கட்டிக்கொண்டு போனார்கள். காசோடு பெயரும் கரையிறங்கிவிட்டது. கடைக்கு அங்கே ‘டூக்கா’ என்று பெயர். அது வேறொன்றுமில்லை, ‘துக்கான்’தான்.

2007-ஆம் வருஷம் மார்ச் மாதம் அந்த தேசத்தில் செல்போன் வழியாகப் பணம் அனுப்புகிற ஓர் ஏற்பாட்டை ஆரம்பித்து, அதற்கு ‘எம்-பெஸா’ என்று பெயர் வைத்தார்கள். சில வருஷங்களுக்குள் அதைப் பார்ப்பதற்கென்றே பேராசிரியர்களும் பாங்கு நிபுணர்களும் நைரோபிக்கு விமானம் ஏறினார்கள். ஏழைகளை பாங்குக்குள் கொண்டுவருவது எப்படி என்று உலகம் வெகு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு ஒரு ஏழை தேசமே விடை சொல்லிவிட்டது என்றார்கள். இந்தக் காரியத்துக்கு ‘நிதி உள்ளடக்கம்’ என்று நம் அதிகாரிகள் தமிழ் செய்து வைத்திருக்கிறார்கள். சொல்லைக் கேட்டால் எதையோ டப்பாவில் போட்டு மூடுவதுபோல் இருக்கிறது.

விடை இருக்கட்டும். எனக்கு அதற்கு முந்தின கதையில்தான் சிரத்தை. கென்யாவின் கூலிக்காரன் ஒருவன் நைரோபியிலிருந்து ஊருக்கு எதற்காகப் பணம் அனுப்பவேண்டும்? அவன் ஏன் நைரோபியில் இருக்கிறான்? பெண்டாட்டி பிள்ளைகள் ஏன் இருநூறு மைலுக்கு அப்பால் இருக்கிறார்கள்? இதைக் கேட்காமல் செல்போனின் பெருமையை மட்டும் பேசுவது, கல்யாண வீட்டுக்குப் போய்ப் பந்தியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதுபோல் ஆகும்.

நைரோபி பழைய ஊர் அல்ல. 1896-ல் ஆங்கிலேயர்கள் மொம்பாஸாவிலிருந்து உள்நாட்டை நோக்கி ரயில் பாதை போட ஆரம்பித்தார்கள். அதற்காக இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, சுமார் 32,000 கூலிகளைக் கப்பலேற்றினார்கள். 1899-ல் பாதை ஒரு சதுப்பு நிலத்தை எட்டியபோது அங்கே சாமான் கிடங்கும் கொட்டகைகளும் போட்டார்கள். அந்தக் கொட்டகைகள்தான் நைரோபி. 1901-ல் பாதை விக்டோரியா ஏரிக்கரையை அடைந்தது. செலவான தொகையை எப்படி மீட்பது என்ற கவலை சர்க்காருக்கு. மேட்டு நிலத்தில் வெள்ளைக்காரர்களைக் குடியேற்றி விவசாயம் பண்ணச் சொன்னால் ரயிலுக்குச் சரக்கு கிடைக்கும் என்று கணக்குப் போட்டார்கள். நிலம் கிடைத்துவிட்டது, அது எப்படிக் கிடைத்தது என்பது தனிக் கதை. உழுவதற்கு ஆள்?

அங்கேதான் சங்கடம். கிக்குயூ ஜனங்களும் லூவோ ஜனங்களும் தானியம் விதைத்தார்கள். ஆடு மாடு வளர்த்தார்கள். பெண் கொடுத்தால் ஆடு, குற்றத்துக்குத் தண்டம் ஆடு. வெள்ளி ரூபாய் இல்லாமலே அவர்கள் பிறந்தார்கள், வாழ்ந்தார்கள், செத்தார்கள். கூலிக்கு வா என்றால் ஏன் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

1901-ல் அதற்குப் பதில் வந்தது. ஒவ்வொரு குடிசைக்கும் வருஷ வரி. முதலில் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று இருந்தது. பிறகு மூன்று ரூபாய் ஆயிற்று. நம் நாட்டில் புழங்கிய அதே ரூபாய்தான். அப்போது அந்தப் பிரதேசத்தின் செலாவணி அதுவே. அந்த ஊர் வழக்கப்படி ஒவ்வொரு மனைவிக்கும் ஒரு குடிசை என்பதால் வரி குடும்பத்துக்கு ஒன்றாக நிற்காமல் பெருகிக்கொண்டு போயிற்று. ஆரம்பத்தில் ஆடாகவும் உழைப்பாகவும் வாங்கிக்கொண்டார்கள். போகப்போக ரொக்கம்தான் வேண்டும் என்றார்கள். குடிசை இல்லாத வாலிபன் தப்பித்துக்கொள்கிறான் என்று கண்டுபிடித்து, 1910-ல் தலைவரியும் சேர்த்தார்கள். ரொக்கம் எங்கே கிடைக்கும்? வெள்ளைக்காரன் தோட்டத்தில் கிடைக்கும், ரயில்வேயில் கிடைக்கும், நைரோபியில் கிடைக்கும். வரி போட்டாலொழிய ஆள் வரமாட்டான் என்று குடியேறிகள் ஒளிவு மறைவு இல்லாமலே சொன்னார்கள்.

ஆக, கென்யாவின் குடியானவனைப் பணத்தின் உலகத்துக்குள் கொண்டுவந்த காரியம் நூறு வருஷத்துக்கு முன்பே நடந்துவிட்டது. யாரும் அவனுக்கு அழைப்பு அனுப்பவில்லை. வரிக்காரன் கதவைத் தட்டினான்.

வந்தவன் திரும்பி ஓடிவிடாதபடி ‘கிப்பாண்டே’ என்று ஒன்று செய்தார்கள். சட்டம் 1915-ல் வந்தது. முதல் மகா யுத்தம் முடிந்ததும் அமலாயிற்று. வயது வந்த ஒவ்வொரு ஆப்பிரிக்க ஆணும் தன் பெயர், கைரேகை, எஜமானன் யார், கூலி என்ன என்பதெல்லாம் அடங்கிய சீட்டை ஒரு தகரக் கூட்டில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டும். ஆட்டுக்குக் கட்டுகிற மணி என்று அவர்களே அதைச் சொன்னார்கள்.

1920-லிருந்து இரண்டு வருஷத்துக்குள் செலாவணியையும் மாற்றினார்கள். ரூபாய் போய் ஃப்ளோரின் வந்தது, ஃப்ளோரின் போய் ஷில்லிங் வந்தது. வரி ஏறிற்று. 1921-ல் முதலாளிகள் கூலியை மூன்றில் ஒரு பங்கு குறைக்க முனைந்தார்கள். அப்போது ஹாரி துக்கு என்ற வாலிபர் கிளம்பினார். கூலிக் குறைப்பையும் வரியையும் கிப்பாண்டேயையும் எதிர்த்துக் கூட்டம் போட்டுப் பேசினார். அவருடைய உத்தியோகம் என்ன தெரியுமோ? நைரோபி சர்க்கார் கஜானாவில் டெலிபோன் ஆபரேட்டர்! இப்படி ஒரு பாத்திரத்தை நாவலில் வைத்தால், ரொம்பவும் ஜோடித்திருக்கிறார் என்று விமர்சகர்கள் எழுதுவார்கள். சரித்திரத்துக்கு விமர்சகர்களிடம் பயம் இல்லை. 1922 மார்ச்சில் அவரைக் கைது செய்தார்கள். விடுதலை செய்யச் சொல்லிப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் திரண்ட கூட்டத்தின்மேல் துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. சர்க்கார் கணக்குப்படியே இருபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பெண்கள் முன்வரிசையில் நின்றார்கள்.

நைரோபி நகரம் ஆப்பிரிக்கருக்குக் குடும்பத்தோடு வாழ இடம் கொடுக்கவில்லை. ஒண்டிக்கட்டைக்குப் படுக்க ஒரு கட்டில் அளவு இடம். ஒண்டிக்கட்டைக்குப் போதுமான கூலி. மனைவி ஊரில் இருந்து நிலத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அதுதான் திட்டம். 1963-ல் சுதந்திரம் வந்தது. கொடி மாறிற்று. குடும்பம் இரண்டு இடத்தில் வாழ்கிற வழக்கம் மட்டும் மாறவில்லை. புருஷன் நைரோபியில், வீடு கிராமத்தில். இருக்கிற இடம் வேறு, வீடு என்று சொல்லுகிற இடம் வேறு. நம்மூரில் பம்பாய்க்கும் ரங்கூனுக்கும் போனவர்களின் குடும்பங்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

அப்படியானால் பணம் எப்படி ஊர் போய்ச் சேரும்? தபாலாபீஸ் மணியார்டர் இருந்தது. சாவகாசமாகப் போகும், ஊர்த் தபாலாபீஸில் ரொக்கம் இல்லையென்றால் நாளைக்கு வா என்பார்கள். ஊருக்குப் போகிற உறவினனிடம் கொடுத்தனுப்பலாம். உறவினனுக்கும் செலவு உண்டல்லவா? பஸ் டிரைவரிடம் உறையில் போட்டுக் கொடுப்பதும் நடந்தது. வழியில் கொள்ளை போவதும், போனதாகச் சொல்லப்படுவதும் உண்டு. பாங்குகளோ, 1990-களில் கிராமத்துக் கிளைகளை மூடிக்கொண்டிருந்தன. கணக்கில் எப்போதும் இருக்கவேண்டிய குறைந்தபட்சத் தொகையை ஏழை எட்டமுடியாத உயரத்தில் வைத்தன. 2006-ல் எடுத்த கணக்கில் வயது வந்தவர்களில் 27 சதவீதம் பேருக்குத்தான் பாங்கு முதலான முறையான ஸ்தாபனங்களோடு தொடர்பு இருந்தது. மற்றவர்கள் சும்மா இருந்தார்களா என்றால் இல்லை. ‘சாமா’ என்று பெண்கள் கூடிச் சீட்டுக் கட்டினார்கள். மாதம் ஒருத்திக்கு மொத்தத் தொகை. நம் சீட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் பெயரில்தான். ஏழைகளுக்குச் சேமிக்கத் தெரியாது என்று சொல்லுகிறவர்கள் எந்த நாட்டிலும் அந்தப் பெண்களிடம் கேட்டுப் பார்த்ததில்லை.

செல்போன் கதை இப்போது வருகிறது. இதிலும் ருசியான பகுதி அதன் தொடக்கம்தான். வோடஃபோன் என்ற பிரிட்டிஷ் கம்பெனியில் நிக் ஹியூஸ் என்று ஓர் அதிகாரி. பிரிட்டிஷ் சர்க்காரின் உதவி நிதியிலிருந்து ஏறக்குறைய பத்து லட்சம் பவுன் வாங்கினார். கம்பெனி அதே அளவு போட்டது. ஸூஸி லோனி என்ற அம்மாள் 2005-ல் நைரோபிக்கு வந்து காரியத்தை நடத்தினார். அவர்கள் மனத்தில் இருந்தது பணம் அனுப்புகிற யோசனை அல்ல. சிறு கடன் கொடுக்கும் ஸ்தாபனம் ஒன்றில் கடன் வாங்கியவர்கள் தவணையைச் செல்போனிலேயே கட்டவேண்டும், அவ்வளவுதான். அதாவது, கடன் கொடுத்தவனுடைய சௌகரியத்துக்காகச் செய்த யந்திரம்.

நைரோபியிலும், பக்கத்தில் திக்கா என்ற ஊரிலும் சில நூறு பேர்களிடம் இதைக் கொடுத்துப் பரீட்சை பார்த்தார்கள். ஜனங்கள் என்ன செய்தார்கள்? தவணை கட்டினார்கள், கூடவே வேறு எதையெல்லாமோ செய்தார்கள். திக்காவுக்குப் பிரயாணம் போகிறவன் கிளம்புமுன் பணத்தைச் செல்போனில் போட்டுவிட்டு, போய்ச் சேர்ந்ததும் எடுத்துக்கொண்டான். வழியில் யார் மடியைத் தடவினாலும் ஒன்றும் இராது. கடைக்காரன் பாங்கு மூடின பிறகு வந்த வசூலை இராத்திரிக்கு அதில் போட்டுப் பூட்டினான். வேறு ஒருவன் செய்துகொடுத்த வேலைக்குக் கூலியாக, அவனுடைய கடன் தவணையை இவன் கட்டினான். ஊரில் உள்ள உறவினருக்கு அனுப்பினார்கள். சிறு கடன் ஸ்தாபனத்துக்கோ தலை சுற்றிற்று. யார் எதற்குக் கட்டினார்கள் என்று பேரேட்டில் பொருத்த முடியவில்லை. அந்த ஸ்தாபனம் விலகிக்கொண்டது. லோனி அம்மாளும் ஹியூஸும் கெட்டிக்காரர்கள். ஜனங்கள் யந்திரத்தைத் தங்கள் காரியத்துக்கு வளைத்துக்கொண்டதைப் பார்த்து, தாங்களும் அந்தப் பக்கமே வளைந்தார்கள். கடன் தவணையை ஓரமாக வைத்துவிட்டு, ஊருக்குப் பணம் அனுப்புங்கள் என்று விளம்பரம் செய்தார்கள். ஸஃபாரிகாம் என்ற அந்த நாட்டு டெலிபோன் கம்பெனி இதை நடத்திற்று. அந்த வருஷம் முடிவதற்குள் பத்து லட்சம் பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள்.

ஏற்பாடு மிகவும் சாதாரணமானது. தெருமுனையில் ஒரு கடை, பச்சை வர்ணம் அடித்தது. அங்கே போய் ரொக்கத்தைக் கொடுத்தால், கடைக்காரன் தன் செல்போன் கணக்கிலிருந்து உன் கணக்குக்குத் தொகையை மாற்றுவான். நீ நாலு இலக்க இரகசிய எண்ணைப் போட்டு ஊரில் உள்ளவளுக்கு அனுப்புவாய். அவள் அந்த ஊர்க் கடைக்குப் போய், அடையாளச் சீட்டைக் காட்டி, நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு ரொக்கம் வாங்கிக்கொள்வாள். விலை மலிவான செல்போனே போதும். ஜனங்கள் போட்ட பணமெல்லாம் ஒரு தர்மகர்த்தா கணக்கில் பாங்கில் கிடக்கும். கம்பெனி அதைத் தொட முடியாது. கடைக்காரனின் பாடு ஒன்று உண்டு, அதைப் புஸ்தகங்கள் சுருக்கமாகவே சொல்லுகின்றன. பட்டணத்துக் கடையில் எல்லாரும் பணம் போடுகிறவர்கள். கிராமத்துக் கடையில் எல்லாரும் எடுக்கிறவர்கள். ஆகவே பட்டணத்துக்காரனிடம் நோட்டு குவியும், செல்போன் இருப்பு தீர்ந்துபோகும். கிராமத்துக்காரனிடம் செல்போனில் இருப்பு இருக்கும், பெட்டியில் நோட்டு இராது. அவன் அடிக்கடி பஸ் ஏறி பாங்கு உள்ள ஊருக்குப் போய் நோட்டுக் கட்டை மடியில் கட்டிக்கொண்டு திரும்பவேண்டும். பழைய பஸ் டிரைவரின் ஆபத்து முழுக்க ஒழிந்துவிடவில்லை. அது இந்தக் கடைக்காரன் தலைக்கு மாறிற்று.

ஆரம்பித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பிறகு அந்த தேசமே பற்றி எரிந்தது. ஆயிரத்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், லட்சக்கணக்கானவர்கள் வீடிழந்தார்கள். நைரோபியின் கிபேரா சேரியில், பஞ்சாபிக் கூலிகள் காலத்து ரயில் பாதையின் தண்டவாளங்களையே பெயர்த்துப் போட்டார்கள். கடைகள் மூடிக் கிடந்தன. பஸ் ஓடவில்லை என்றால் உறை போகாது. அப்போது சேரிகளுக்குள் அகப்பட்டுக்கொண்டவர்களுக்குச் செல்போன் மூலம்தான் பணம் போயிற்று. இந்த முறை பல இடங்களில் கிராமத்திலிருந்து பட்டணத்துக்கு. யந்திரத்தின்மேல் ஜனங்களுக்கு நம்பிக்கை பிறந்தது அந்த ஜனவரியில்தான் என்று நினைக்கிறேன்.

ஜனங்களுக்கு நம்பிக்கை வந்தால் பாங்குக்காரர்களுக்குச் சந்தேகம் வருமல்லவா? 2008 முடிவில், இது ஒரு நாள் கவிழ்ந்துவிடும், பரிசோதனை நடத்துங்கள் என்ற கூக்குரல் எழுந்தது. நிதி மந்திரியும் உத்தரவு போட்டார். ஏழைகளின் பணம் பத்திரமாக இருக்கவேண்டுமே என்ற இந்தத் திடீர்க் கரிசனம் எங்கிருந்து வந்தது என்று அந்த நாட்டார் கேட்டிருப்பார்கள். பரிசோதித்ததில் கணக்கு சரியாக இருந்தது. பிறகு பாங்குகளும் அதே வண்டியில் ஏறிக்கொண்டன.

பலன் உண்டா? உண்டு. டாவ்னீத் சூரி, வில்லியம் ஜாக் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் வருஷக்கணக்காகக் குடும்பங்களை விசாரித்தார்கள். வியாதியோ விளைச்சல் பொய்ப்பதோ வந்தால், செல்போன் பணம் இல்லாத குடும்பம் சாப்பாட்டைக் குறைத்தது; இருந்த குடும்பம் குறைக்கவில்லை, உறவினர் சிறுகச் சிறுக அனுப்பினார்கள். 1,94,000 குடும்பங்கள் வறுமையிலிருந்து மேலே வந்தன என்று 2016-ல் எழுதினார்கள். அந்த எண்ணிக்கையை மறுத்து எழுதியவர்களும் இருக்கிறார்கள். எண்ணிக்கையை விட்டாலும், சாப்பாடு குறையவில்லை என்பது சின்னக் காரியம் அல்ல. 2021-ல் அந்தப் பழைய 27 சதவீதம் 84-ஆக உயர்ந்திருந்தது. நிபுணர்கள் கொண்டாடினார்கள்.

கொண்டாட்டத்தில் ஒரு விஷயம் அமுங்கிவிட்டது. ஜனங்கள் ஓரமாகத் தள்ளிவைத்த அந்தக் கடன், 2012 நவம்பரில் வேறு வேஷத்தில் திரும்பி வந்தது. செல்போனிலேயே விண்ணப்பம், நிமிஷத்தில் பணம். பிணை வேண்டாம், கையெழுத்து வேண்டாம். நீ இதுவரை யாருக்கு எவ்வளவு அனுப்பினாய் என்ற சரித்திரமே பிணை. ஊரில் அம்மாவுக்கு மாதம் தவறாமல் அனுப்பின பிள்ளையின் பாசத்தை ஒரு யந்திரம் எண்ணிப் பார்த்து, இவ்வளவு கடன் கொடுக்கலாம் என்று தீர்மானித்தது. முப்பது நாளைக்கு நூற்றுக்கு ஏழரை. வட்டி என்று சொல்லவில்லை, கட்டணம் என்றார்கள். ஏழரை என்ற எண்ணுக்கு நம் ஊரில் என்ன அர்த்தம் என்பதை அவர்கள் அறியமாட்டார்கள்.

அது ஒன்றோடு நிற்கவில்லை. வெளிநாட்டு மூலதனத்தோடு டஜன் கணக்கில் கடன் கம்பெனிகள் வந்து இறங்கின. 2016-ல் பாங்கு வட்டிக்குச் சட்டம் உச்சவரம்பு வைத்தபோது, இவை பாங்கு அல்லவாகையால் வரம்புக்கு வெளியே நின்றன. கடன் வாங்குகிறபோது உன் செல்போனில் உள்ள பெயர்களையெல்லாம் பார்க்க அனுமதி கேட்கும்; அவசரத்தில் இருக்கிறவன் சரி என்று அமுக்குவான். தவணை தவறினால் மாமனாருக்கு டெலிபோன் போகும், வேலை கொடுக்கிறவருக்குப் போகும், பிரசங்கம் செய்கிற பாதிரியாருக்குக்கூடப் போகும். உங்களுக்குத் தெரிந்த இன்னார் கடன் கட்டவில்லை, சொல்லிவையுங்கள். நம்மூர் வட்டிக்காரன் வாசலில் வந்து நின்று கத்துவான். அவன் சத்தம் ஒரு தெருவோடு நின்றது.

கடன் தவறியவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றும் சேர்ந்தது. ஓர் ஆய்வுப்படி மூன்று வருஷத்தில் 27 லட்சம் பேர் அதில் ஏறினார்கள். அவர்களில் சுமார் நான்கு லட்சம் பேரின் பாக்கி 200 ஷில்லிங்குக்கும் குறைவு. ஒரு சாப்பாட்டுச் செலவு. பெயர் ஏறிவிட்டால் வேறு கடன் கிடையாது. சர்க்கார் உத்தியோகத்துக்கு மனுப்போட்டால் பாக்கி இல்லை என்ற சான்றிதழ் கேட்பார்கள். இருநூறு ஷில்லிங்குக்காக உத்தியோகம் போகிற வாலிபனைப் பற்றிக் கதை எழுதலாம். எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். 2020 ஏப்ரலில் கென்யாவின் மத்திய பாங்கு தலையிட்டது. ஆயிரம் ஷில்லிங்குக்குக் கீழே பாக்கி உள்ளவர்களைப் பட்டியலில் சேர்க்கக்கூடாது என்றது. 2022 மார்ச்சில் இந்தக் கம்பெனிகள் லைசென்ஸ் வாங்கவேண்டும், உறவினருக்கு டெலிபோன் செய்து அவமானப்படுத்தக்கூடாது என்ற விதிகள் வந்தன. முதல் கடன் கிளம்பி ஒன்பது வருஷத்துக்குப் பிறகு.

கழுத்தில் தொங்கிய கிப்பாண்டேயையும் இந்தப் பட்டியலையும் ஒன்று என்று சொல்ல நான் துணியமாட்டேன். ஒன்றை மறுத்தவனுக்கு ஜெயில். மற்றதில் தானே அமுக்கிச் சேருகிறான். ஆனால் ஒருவன் யார், எவ்வளவுக்கு நம்பலாம் என்பது அவன் படிக்கமுடியாத ஓர் ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது என்பதில் இரண்டும் உறவுதான். இரண்டு வழியாகவும் அவன் உள்ளே வந்தான். இவன் பாங்குக்குள் போனானா, பாங்கு இவன் வீட்டுக்குள் வந்ததா என்று அந்த 84 சதவீதம் சொல்வதில்லை.

வரியும் பின்னாலேயே வந்தது. 2013-ல் பணம் அனுப்புகிற கட்டணத்தின்மேல் பத்து சதவீதம் கலால் வரி போட்டார்கள். 2018-ல் பன்னிரண்டு ஆயிற்று, 2023-ல் பதினைந்து. 2024-ல் இருபது ஆக்குவதாக மசோதா வந்தது. ரொட்டிக்கும் வரி, இன்னும் பலதுக்கும் வரி. கட்சி இல்லாமல், தலைவர் இல்லாமல், பள்ளிப் படிப்பு முடித்த வாலிபர்களும் பெண்களும் நைரோபித் தெருக்களில் இறங்கினார்கள். ஜூன் 25-ந் தேதி பாராளுமன்றக் கட்டிடத்துக்குள்ளேயே புகுந்தார்கள். போலீஸ் சுட்டது. 1922-ல் சர்க்கார் கணக்கு சொன்னதைவிட அதிகம் பேர் அந்த வாரங்களில் விழுந்தார்கள். மறுநாள் ஜனாதிபதி மசோதாவில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று அறிவித்தார். இருபது சதவீதமும் அதோடு போயிற்று. காயம்பட்டவர்களின் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் இறந்தவர்களின் அடக்கச் செலவுக்கும் தேசம் முழுவதிலுமிருந்து பணம் வந்தது. நூறு ஷில்லிங், ஐம்பது ஷில்லிங் என்று, எல்லாம் செல்போனில்.